நாற்காலியும் நட்சத்திரமும்

சில மாதங்களுக்கு முன் உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். விருந்து முடிந்தபின் பந்தலின் ஓரத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு ஊர் அரசியலுக்குத் தாவியது. நேற்றுவரை ஒருவர் பின்னால் பை தூக்கி நடந்த மனிதர், இன்று அவரையே வாசலில் காக்க வைக்கிறார் என்று ஒரு பெரியவர் வருந்திச் சொன்னார். கல்லூரியில் படிக்கும் என் மருமகன் உடனே, "அதுதான் மாமா திறமை! அமாவாசை மாதிரி பிழைக்கத் தெரிந்த ஆள்" என்றான். அவன் குரலில் இகழ்ச்சி இல்லை, வியப்பே இருந்தது. "அந்தப் படத்தில் அமாவாசை கெட்டவன் அல்லவா, தம்பி? அவனை எதிர்த்து நிற்கும் மகன்தானே கதாநாயகன்?" என்று கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "மகன் ஒருத்தன் வர்றானா? எனக்கு அவன் ஞாபகமே இல்லையே மாமா!" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் என் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டே வந்தது. 1994-ஆம் ஆண்டு வெளிவந்த 'அமைதிப்படை' அரசியல்வாதியின் அயோக்கியத்தனத்தைத் தோலுரிப்பதற்காக எடுக்கப்பட்ட படம் என்றுதான் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அப்படம் வந்த காலத்தில் பிறந்தேயிராத ஓர் இளைஞனிடம் எஞ்சி நிற்பது எது? அயோக்கியத்தனத்தின் மீது வெறுப்பா? இல்லை. அயோக்கியனின் மீது மதிப்பு! இது அந்த இளைஞனின் குற்றமன்று. படத்தின் கதை அவனிடம் ஒன்றைச் சொன்னது. படத்தின் முகம் வேறொன்றைச் சொன்னது. அவன் முகத்தை நம்பினான். திரைக்கு முன் அமர்ந்த எவரும் அப்படித்தான் நம்புவர்.

அரசியலை நம்பிக்கையற்ற கண்ணோடு காட்டும் படங்களைப் பற்றி நம் விமர்சகர்கள் எழுதும்போது கதையை ஆராய்கிறார்கள், வசனத்தைப் பாராட்டுகிறார்கள், எந்தத் தலைவரைக் குத்துகிறது என்று ஊகிக்கிறார்கள். அந்தப் பாத்திரத்தில் யாரை உட்கார வைத்தார்கள் என்பதை மட்டும் வியாபார விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர் எதிரானது. இவ்வகைப் படங்களில் நடிகர் தேர்வே முதல் கருத்து. கதை இரண்டாவது கருத்துதான்.

அமைதிப்படையின் புகழ்பெற்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். கோயிலில் சிதறு தேங்காய் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த அமாவாசை, பிறருடைய கைப்பாவையாக இருப்பதற்கென்றே தேர்தலில் நிறுத்தப்படுகிறான். வாக்கு எண்ணிக்கை நடக்கும்போது, தன்னை வேட்பாளராக்கிய தலைவரின் எதிரில் நாற்காலியின் நுனியில் ஒடுங்கி அமர்ந்திருக்கிறான். முன்னிலைச் செய்தி ஒவ்வொன்றாக வர வர, அவன் உடல் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குச் சாய்கிறது. முதுகு நிமிர்கிறது, கால்மேல் கால் ஏறுகிறது, கடைசியில் அந்த நாற்காலி அவனுக்கென்றே செய்யப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. தமிழ்த் திரையில் அதிகாரம் ஒரு மனித உடலுக்குள் புகுவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி வேறு உண்டா என்பது ஐயமே. இயக்குநர் மணிவண்ணனின் கூர்மையையும் சத்யராஜின் ஆற்றலையும் யாரும் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் காட்சிக்குத் திரையரங்கில் எழுந்தது என்ன? கைதட்டல்! அச்சமோ அருவருப்போ அன்று. "வந்துவிட்டான் நம் ஆள்" என்ற உற்சாகம். ஏன்? ஏனெனில் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது அமாவாசை மட்டுமல்ல, சத்யராஜும்தான். 1984-இல் இதே மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்', '24 மணி நேரம்' ஆகிய படங்களில் கொடியவனாக வந்து மக்களைக் கவர்ந்தவர் அவர். பிறகு 1986-இல் 'கடலோரக் கவிதைகள்' போன்ற படங்களால் கதாநாயகனாக மனத்தில் இடம்பிடித்தவர். பல ஆண்டுகள் சேர்த்துவைத்த அன்பும் பழக்கமும் அந்த முகத்தின் கணக்கில் இருந்தன. ஒரு பாத்திரம் தீமை செய்யும்போது, பார்வையாளன் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்து அவனை மன்னித்துவிடுகிறான். அவன் நுனி நாற்காலியில் இருந்தபோதே, "இவர் நுனியில் உட்காரப் பிறந்தவர் அல்லவே" என்று நாம் அறிவோம். ஆகவே அவன் நிமிர்ந்தது நமக்கு அநீதியாகத் தோன்றவில்லை. வரவேண்டிய நியாயம் வந்ததுபோலவே தோன்றியது.

இதைக் குருட்டு ஊகம் என்று தள்ளுவோருக்கு ஓர் ஒப்பீட்டைக் காட்டுகிறேன். சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன், 1984-இல், கே. பாலசந்தர் 'அச்சமில்லை அச்சமில்லை' என்ற படத்தை எடுத்தார். அதுவும் ஒரு சாதாரண மனிதன் அரசியலில் நுழைந்து அழுகிப்போகும் கதைதான். நேர்மையாளன் என்பதற்காகவே உலகநாதனை விரும்பி மணக்கிறாள் தேன்மொழி. அவன் படிப்படியாகச் சரிவதைக் கண்ணெதிரே காண்கிறாள். இறுதியில் ஊரார் முன்னிலையில் தன் கையாலேயே அவன் உயிரைப் போக்குகிறாள். உலகநாதனாக நடித்தவர் ராஜேஷ். ஆசிரியராக இருந்து நடிக்க வந்தவர், நல்ல நடிகர், ஆனால் திரையரங்க வாசலில் ஆளுயர உருவத்துக்குப் பால் ஊற்றப்படும் வரிசையைச் சேர்ந்தவர் அல்லர். அதனால் விளைந்த பயனைப் பாருங்கள். அவன் கெடுகிறபோது நாம் கைதட்டவில்லை. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் கெட்டுப்போவதைப் பார்ப்பதுபோல் நெஞ்சு கனத்து உட்கார்ந்திருந்தோம். தேன்மொழியின் பக்கத்தில்தான் நம்முடைய நாற்காலி போடப்பட்டிருந்தது. "இவனைப்போல் ஆகவேண்டும்" என்று எவரும் அந்தப் படத்தைவிட்டு எழுந்து போகவில்லை. "உலகநாதன் மாதிரி பிழைக்கத் தெரிந்தவன்" என்று கலியாணப் பந்தலில் எவரும் பேசியதாக நான் கேட்டதுமில்லை.

இரண்டு படங்களும் அரசியல் மனிதனை அழிக்கிறது என்றே சொல்கின்றன. ஒன்று அவ்வழிவை இழப்பாகக் காட்டிற்று, மற்றொன்று கேளிக்கையாக்கிவிட்டது. எழுத்திலும் இயக்கத்திலும் வேறுபாடு உண்டுதான்; மறுக்கவில்லை. ஆயினும் உலகநாதனாக ஒரு பெரு நட்சத்திரம் நடித்திருந்தால், அந்தக் கடைசிக் காட்சியை அப்படியே வைத்திருக்க முடியுமா? நட்சத்திரம் மனைவி கையால் கொலையுண்டு விழ, திரை இறங்க, மக்கள் அமைதியாக வீடு திரும்பியிருப்பார்களா? முடியாது என்பதைத் தயாரிப்பாளர் யாவரும் அறிவர். ஆகவே நட்சத்திரத்தின் வருகை கதை எழுதப்படும் முன்பே அதன் முடிவை எழுதிவிடுகிறது.

அமைதிப்படை இந்தச் சிக்கலைத் தீர்த்த விதமோ இன்னும் விந்தையானது. தீயவனுக்குச் சத்யராஜ், தீயவனைத் தண்டிக்க வரும் காவல்துறை மகனுக்கும் சத்யராஜ்! நோயும் மருந்தும் ஒரே முகம். இதில் நோயே வென்றது என்பதற்குச் சான்று தேடி எங்கும் போகவேண்டியதில்லை. 2013-இல் அதே இயக்குநர் அதன் தொடர்ச்சியாக எடுத்த படத்துக்கு வைத்த பெயர் என்ன? 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' அதாவது அமாவாசை தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்! நீதியை நிலைநாட்டிய மகனின் பெயரால் ஒரு தொடர்ச்சி எடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. சந்தை மிக நேர்மையான விமர்சகன். எந்தப் பாத்திரத்தை மக்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள் என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிட்டது.

தீயவன் வேடத்தில் நட்சத்திரம் இருந்தால் தீமை இனிக்கிறது. நல்லவன் வேடத்தில் இருந்தால் என்ன ஆகிறது? அதுவும் நன்மையன்று. "எல்லாக் கட்சிக்காரனும் திருடன்" என்று இரண்டரை மணி நேரம் நிறுவிவிட்டு, அந்த இருட்டின் நடுவே ஒரே ஒரு விளக்காக ஒரு நட்சத்திரத்தை நிறுத்தினால், அதன் பெயர் விமர்சனமன்று, விண்ணப்பம். தமிழகத்தில் இது வெறும் வாதமன்று, வரலாறு. எம்.ஜி.ஆர். திரையில் புகைக்காமல், குடிக்காமல், ஏழைக்கு நீதி வழங்கிக்கொண்டே இருந்தார். 1972-இல் தனிக்கட்சி கண்டார். 1977 முதல் 1987-இல் மறையும்வரை, 1980-இல் ஆட்சி கலைக்கப்பட்டிருந்த சில மாதங்கள் நீங்கலாக, முதலமைச்சராக இருந்தார். அவருக்குப் பின் இங்கே எந்த நட்சத்திரம் அரசியலைத் திட்டினாலும், அந்தத் திட்டு ஒரு கோரிக்கையாகவே காதில் விழுகிறது. 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' அண்மைக் காலச் சான்று. தன் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டதைக் கண்டு ஒருவன் சட்டத்தின் துணையை நாடுகிறான் என்பது நல்ல தொடக்கம். தேர்தல் நடத்தை விதிகளில் 49-பி என்று ஒன்று இருப்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள். ஆனால் படம் வந்தபின் ஊரெல்லாம் எதைப் பேசிற்று? இலவசப் பொருட்களை எரிக்கும் காட்சி யாரைத் தாக்குகிறது, விஜய் எப்போது கட்சி தொடங்குவார் என்பதையே. ஆளுங்கட்சியினர் போராடினர், சில காட்சிகள் நீக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் அவர் கட்சியையும் அறிவித்தார். அவருடைய அரசியல் சரியா தவறா என்பது இங்கே என் பேச்சன்று. ஒரு குடிமகனின் களவுபோன வாக்கு என்ற அரிய பொருள், ஒரு முகத்தின் எதிர்காலம் என்ற பொருளுக்கு இரையாயிற்று என்பதே என் பேச்சு.

இனி, நகைச்சுவை நடிகரின் முகம் என்ன செய்யும் என்பதற்கும் நம்மிடம் ஒரு சான்று உண்டு. 1968-இல் மேடையேறி 1971-இல் படமான சோவின் 'முகமது பின் துக்ளக்' அது. சமாதியிலிருந்து எழுந்து வந்த பழைய சுல்தான் என்று நம்பப்படும் ஒருவன் இக்காலத் தேர்தலில் நின்று பிரதமராகிறான், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறான், கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப்பிரதமர் பதவி தருகிறான். இறுதியில் உண்மையைச் சொல்ல முற்படுபவனை மக்கள் நம்பவில்லை, பொய்யனையே நம்புகிறார்கள். இதைவிடக் கசப்பான முடிவு தமிழ் மேடையில் அரிது. துக்ளக்காக நடித்தவர் சோவேதான். திரைப்படங்களில் நகைச்சுவைப் பாத்திரங்களில் கண்டு பழகிய முகம். அதனால் எவரும் துக்ளக்காக வேண்டும் என்று ஆசைப்படவில்லை. அந்த அளவில் நன்று. ஆனால் சிரிப்பு நடிகர் நம்மைத் தம் பக்கத்தில், அறிவாளிகளின் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார். ஏமாறுகிற மக்கள் நாமல்லர், வேறு யாரோ! பிரதமரைப் பார்த்துத் தொடங்கிய சிரிப்பு வாக்காளனைப் பார்த்துச் சிரிப்பதில் முடிந்தது. தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியதும், செப்பு நாணயத்தைப் புழக்கத்தில் விட்டுத் தோற்றதும் பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தானின் உண்மைச் செயல்கள்தாம். ஆயினும் அவர் கல்வியிற் சிறந்த, விடை காண முடியாத ஒரு புதிராகவும் வரலாற்றில் நிற்கிறார். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்று வரலாறு நினைவுக்கு வருவதில்லை. ஒரு நடிகரின் முகமும் ஒரு கேலியுமே நினைவுக்கு வருகின்றன. நானூறு பக்க வரலாற்று நூலை ஒரு முகம் வென்றுவிடும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இது தமிழர்க்கு மட்டும் உள்ள நோய் என்றும் எண்ணவேண்டாம். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் ஹூயி லாங் என்ற அரசியல்வாதியின் சாயலில் ராபர்ட் பென் வாரன் 1946-இல் எழுதிய நாவல் 'ஆல் தி கிங்ஸ் மென்'. 1949-இல் ராபர்ட் ரோசன் அதைப் படமாக்கியபோது முதன்மை வேடத்துக்கு எடுத்துக்கொண்டது பிராடரிக் கிராஃபோர்டை; முன்வரிசை நட்சத்திரம் அல்லாத, முரட்டுத் தோற்றமுடைய நடிகர். மக்கள் அவரிடம் நடிகரைத் தேடவில்லை. கிராமத்து நியாயம் பேசத் தொடங்கி அதிகார வெறியில் முடியும் ஒரு மனிதனைக் கண்டார்கள். சிறந்த படம், சிறந்த நடிகர் என்ற ஆஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன. 2006-இல் மீண்டும் எடுத்தபோது ஷான் பென், ஜூட் லா, கேட் வின்ஸ்லெட், ஆன்டனி ஹாப்கின்ஸ் என்று நட்சத்திரங்களை நிரப்பினார்கள். படம் தோற்றது. தோல்விக்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு புகழ்பெற்ற முகம் வந்து நின்றால், லூசியானாவின் புழுதியும் வறுமையும் எங்கே நிற்கும்?

மறுப்புரைகளுக்கு வருவோம். "நட்சத்திரம் இல்லாவிட்டால் படத்தை யார் பார்ப்பார்கள்? யாரும் பாராத உண்மையைவிடப் பலர் பார்க்கும் பாதி உண்மை மேலல்லவா?" என்பர். இவ்வாதத்தில் வலு இருக்கிறது. ஆயினும் 1981-இல் கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைப் பாலசந்தர் 'தண்ணீர் தண்ணீர்' என்று படமாக்கினாரே, அதில் எந்தக் கதாநாயக நட்சத்திரம் இருந்தார்? ஒரு குடம் தண்ணீருக்கு ஏங்கும் அத்திப்பட்டி என்ற ஊரே அதன் கதாநாயகன். தேசிய விருதும் பெற்றது. மக்கள் நினைவிலும் நின்றது. அன்று இயன்றது என்றும் இயலாது என்று சொல்வது சோம்பல்.

"மக்கள் அவ்வளவு ஏமாளிகளா? திரை வேறு, வாழ்க்கை வேறு என்று அறியாதவர்களா?" என்பது இரண்டாவது கேள்வி. இல்லை, மக்கள் ஏமாளிகள் அல்லர். நடிகர் திலகம் சிவாஜி கணேசனையே 1989-இல் திருவையாற்றில் தோற்கடித்தவர்கள் அவர்கள். முகத்துக்காக மட்டும் வாக்களிப்பவர்கள் அவர்கள் என்று நான் சொல்லவில்லை. வாக்குச் சாவடியைவிட நுட்பமான ஓரிடம் இருக்கிறது, அது மனச்சாட்சி. எதைக் கண்டு வெட்கப்படவேண்டும், எதைக் கண்டு வியக்கவேண்டும் என்பதை அங்கேதான் மனிதன் பழகுகிறான். அந்தப் பழக்கத்தைத்தான் நட்சத்திர முகம் மாற்றிவிடுகிறது.

"அப்படியானால் கொடியவன் வேடத்தைத் திறமையாக நடிக்கக்கூடாதா?" என்று மூன்றாவதாகக் கேட்கலாம். நடிக்கட்டும். 1954-இல் 'ரத்தக்கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதா நடிக்கவில்லையா? அவர் பேச்சுக்கு அரங்கம் அதிரச் சிரித்தது. ஆனால் அந்த நாயகன் தொழுநோயால் உருக்குலைந்து தெருவில் நிற்கும்போது, அதே முகத்தை நம் கண்முன் அழித்துக் காட்டினார்களே! முகத்தின் கவர்ச்சிக்கும் விலை வைத்தார்கள். அந்தத் துணிவு இருந்தால் எந்த நட்சத்திரமும் எந்த வேடமும் ஏற்கலாம். முகத்துக்குச் சேதமில்லாமல் பாத்திரத்தை மட்டும் தண்டிப்பதுதான் மோசடி.

1997-இல் மணிரத்னம் எடுத்த 'இருவர்' இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நடிகராயிருந்து ஆட்சிக்கு வரும் ஆனந்தனாக மலையாளத்தின் மோகன்லாலையும், எழுத்தாலும் பேச்சாலும் உயரும் தமிழ்ச்செல்வனாகப் பிரகாஷ்ராஜையும் நிறுத்தினார். மோகன்லால் தம் மொழியில் பெரு நட்சத்திரம். ஆனால் இங்குள்ள ரசிகனின் பழைய கடன் எதுவும் அவர் முகத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே நட்சத்திரம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதையே வெளியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அந்த வாய்ப்பை நாம் பயன்படுத்தினோமா? இல்லை. இவர் அவரைப்போல் இருக்கிறாரா, அவர் இவரைப்போல் பேசுகிறாரா என்று சாயல் தேடிச் சலித்தோம். படம் வசூலில் தோற்றது. பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்துக்கு மதிப்பு வெகு காலம் கழித்தே வந்தது. குற்றம் எடுப்பவர்களிடம் மட்டுமன்று, பார்க்கிற நம்மிடமும் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இவ்வளவு கடுமையாக எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். அமாவாசை தன் பதவிக்காக ஊருக்குள் கலவரம் மூட்டுகிறான். அந்தக் காட்சிகளை மீண்டும் பாருங்கள். மூட்டியவனுடைய முகம் நமக்குத் தெரியும். அவன் புருவ அசைவுகூட மனப்பாடம். எரிந்த குடிசைக்காரனின் முகம் யாருக்காவது நினைவிருக்கிறதா? அவன் துணை நடிகன். நாட்கூலிக்கு வந்து ஓடி விழுந்தவன். திரையில் அவனுக்கு முகமில்லை. ஆகவே நம் நெஞ்சில் அவனுக்கு இடமில்லை. கலவரம் என்பது ஒரு கெட்டிக்காரனின் தந்திரமாக நினைவில் நிற்கிறதேயன்றி, ஒரு குடும்பத்தின் நாசமாக நிற்பதில்லை. வாழ்க்கையில் கலவரங்களின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதை நம் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவர்கள் என்றும் துணை நடிகர்களே. அரசியலே சூதாட்டம் என்று கைதட்டிச் சிரிக்கும் வசதி, அந்தச் சூதாட்டத்தில் பணயமாக வைக்கப்படாதவர்களுக்குத்தான் உண்டு.

ஆகவே அரசியல் படம் எடுக்கும் கலைஞர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: பாத்திரத்துக்கு முகம் தேடும்போது, "இவர் வந்தால் கூட்டம் வருமா?" என்ற கேள்வியோடு, "இவர் அந்த நாற்காலியில் சாய்ந்தால் மக்கள் யார் பக்கம் இருப்பார்கள்?" என்ற கேள்வியையும் கேளுங்கள். விமர்சகர்களிடம் சொல்வது: கதையைத் தராசில் இடுமுன் முகத்தை இடுங்கள், கனம் அங்கேதான் இருக்கிறது.

என் மருமகனுக்கும் ஒன்று சொன்னேன். அடுத்த முறை அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தால், நாற்காலியில் இருப்பவனைப் பார்க்காதே. அவனுக்கு எதிரில் நிற்பவர்களைப் பார் என்றேன். சில நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினான். "பார்த்தேன் மாமா. அவங்களுக்குக் கேமரா நிற்கவே இல்லையே" என்றான்.

நான் இத்தனை பக்கம் எழுதியதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.